நீர்மட்டமும் அணையின் நிலையும்



மொழிக்கென அமைந்த மேடையில் அணைக்கட்டைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் வியக்கக்கூடும். பினாங்குத் தமிழர்க்கு அவ்வியப்பு வேண்டியதில்லை. தைப்பூசத் திருநாளில் காவடியுடன் நாம் சென்றடையும் இடத்தை நம் முன்னோர் தண்ணீர்மலை என்றே அழைத்தனர். ஜார்ஜ்டவுன் நகரம் தொடக்கக் காலத்தில் குடிநீர் பெற்றது அம்மலையின் அருவியிலிருந்துதான். ஒரு நகரத்தின் நீர் வழங்கல் வரலாற்றை நம்மவர் ஒரு பெயருக்குள் வைத்துப் போயிருக்கிறார்கள்.

நகரம் பெருகியபோது அருவி போதவில்லை. 1962இல் ஆயர் ஈத்தாம் அணை எழுந்தது. அதன் கொள்ளளவு ஏறத்தாழ 260 கோடி லிட்டர். பெருநிலத்தில் மெங்குவாங் அணை 1985இலும், தீவின் வடமேற்கில் தெலுக் பஹாங் அணை 1999இலும் சேர்ந்தன. பின்னர் விரிவாக்கப்பட்ட மெங்குவாங் இன்று 8,600 கோடி லிட்டருக்கு மேல் தேக்க வல்லது; அதனோடு ஒப்பிட்டால் ஆயர் ஈத்தாம் ஒரு குட்டை. மாநிலத்தின் நீரில் சுமார் 80 விழுக்காடு மூடா ஆற்றிலிருந்து வருவதால், இவ்வணைகள் பெரும்பாலும் வறட்சிக்கால இருப்பாகவே பயன்படுகின்றன. ஆயினும், நாம் இன்று நின்று பார்க்க விரும்புவது அந்தச் சிறிய அணையைத்தான். அது மலையிடுக்கில் உயரத்தில் இருக்கிறது. அதன் கீழே கெக் லோக் சி ஆலயமும் சந்தையும் அடுக்குமாடி வீடுகளும் பள்ளிகளும் நெருங்கிக் கிடக்கின்றன. அறுபதாண்டுகளைக் கடந்துவிட்ட மண் அணை அது.

வறட்சி நேரும்போதெல்லாம் நாளிதழ்களில் ஒரு விழுக்காடு வெளியாகிறது. அணையில் நீர் இத்தனை விழுக்காடு என்று அறிந்து நாம் கவலையோ நிம்மதியோ அடைகிறோம். அந்த எண் நீரைப் பற்றியது; நீரைத் தாங்கி நிற்கும் கரையைப் பற்றியது அன்று. நூறு விழுக்காடு நிரம்பிய அணை நலமுடன் இருக்கிறது என்பதற்கில்லை. பொருட்செல்வத்தை எண்ணிப் பார்த்துவிட்டுப் பெட்டியின் அடித்தட்டைப் பார்க்க மறக்கும் மனிதரின் நிலையில் நாம் இருக்கிறோம். ஆயர் ஈத்தாம் அணை பழுதுற்றிருக்கிறது என்று நாம் கூறவில்லை. அவ்வாறு கூற நம்மிடம் எந்தச் சான்றும் இல்லை. நலமாக இருக்கிறது என்பதை நாம் எவ்வாறு அறிவது என்பதே நம் வினா.

மண் அணையை மண் குவியல் என்று எண்ணிவிடலாகாது. நீர் புகாதவாறு களிமண்ணை நடுவில் இறுக்கி, இருபுறமும் வேறு வகை மண்ணையும் கல்லையும் சாய்வாக அடுக்கிக் கட்டுகிறார்கள். எவ்வளவு இறுக்கினாலும் சிறிது நீர் கசியவே செய்யும். கசிவு குற்றமன்று, கசிவின் குணம் மாறுவதே குற்றம். தெளிந்த நீர் ஒரே அளவில் ஒழுகிக்கொண்டிருந்தால் கரை தன் இயல்பில் இருக்கிறது. அந்நீர் கலங்கி வருமானால், கரையின் உள்ளிருந்து மண் துகள்கள் வெளியேறுகின்றன என்று பொருள். உள்ளே ஒரு துளை வளர்கிறது. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் டீட்டன் அணை முதன்முறையாக நிரப்பப்பட்டபோது, 1976 ஜூன் 5ஆம் நாள் காலையில் கலங்கிய கசிவு கண்ணில் பட்டது. நண்பகலுக்குள் அணை உடைந்தது. பதினொருவர் மாண்டனர். அதனை வடிவமைத்தவர்கள் அனுபவம் மிக்க பொறியாளர்கள் என்பதை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆகவே கரையின் பின்புற அடிவாரத்தில் கசிவுநீரை ஒரு சிறு வாய்க்காலில் திரட்டி, கூம்பு வெட்டுடைய தகட்டின் மேல் விழச் செய்து அளப்பது வழக்கம். இயற்பியல் பயிலும் மாணவர்கள் இதனைக் குறித்துக்கொள்ளலாம்: வெட்டின் வழியே நிற்கும் நீரின் உயரம் இரு மடங்கானால், ஒழுகும் அளவு இரு மடங்கு ஆவதில்லை, ஐந்தரை மடங்கைத் தாண்டிவிடும். உயரத்தின் இரண்டரை அடுக்குக்கு ஏற்ப அது கூடுகிறது. விரலளவு மாற்றத்தையும் ஏட்டில் பதிய வேண்டியதன் காரணம் இதுவே. கரைக்குள் குழாய்களை இறக்கி நீரழுத்தம் அளப்பதும், கரையின் உச்சி எத்தனை மில்லிமீட்டர் தாழ்ந்தது என்று ஆண்டுதோறும் அளப்பதும் இவ்வாறே. சரிவில் மரம் வளரவிடாமல் புல்லை வெட்டி வைப்பது அழகுக்காக அன்று: வேர் பட்டுப்போனால் அது நீருக்குப் பாதையாகும், உயர்ந்த புதர் கசிவை மறைக்கும்.

வறட்சியும் கரையைச் சோதிக்கும். நீர்மட்டம் விரைந்து இறங்கினால், நனைந்த கரைக்குள் இருக்கும் நீர் அதே வேகத்தில் வடியாது. முன்புறச் சரிவு தன் பாரம் தாங்காமல் நழுவக்கூடும். நாளிதழில் குறைந்துவரும் விழுக்காட்டைக் காணும்போது குடிநீரை மட்டுமே நாம் நினைக்கிறோம்.

பெருமழையோ மண் அணைக்கு முதற்பகை. நீர் உச்சியைத் தாண்டி வழிந்தால் மண் கரை அரிக்கப்பட்டுவிடும். அதனால்தான் மிகுநீர் வெளியேறத் தனிவழி உண்டு. 2017 நவம்பரில் பினாங்கைப் புயல்மழை தாக்கியபோது, சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. மலைகள் சரிந்த அவ்விரவை இங்குள்ள பலரும் மறந்திருக்க மாட்டீர்கள்.

அணை உடையாமலே ஆபத்து வரக்கூடும் என்பதற்குக் கேமரன் மலை சான்று. ரிங்லெட்டில் உள்ள சுல்தான் அபு பக்கார் அணை மின்னுற்பத்திக்கானது. மேட்டு நிலங்களில் காடு அழிந்து தோட்டங்கள் பெருகியதால், வண்டல் இறங்கி ஏரியின் கொள்ளளவு பெரிதும் சுருங்கியிருந்தது. 2013 அக்டோபரில் ஓர் இரவு, கனமழையால் மட்டம் ஏறியதும் அணையைக் காக்க நீர் திறந்துவிடப்பட்டது. கீழே பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வீடுகள் அடித்துச் செல்லப்பட்டன, உயிர்களும் பறிபோயின. அணை நின்றது. அதன் கீழே வாழ்ந்தவர்கள் எவ்வளவு நேரத்திற்கு முன் எச்சரிக்கப்பட வேண்டும், ஆற்றோரம் எதுவரை வீடு கட்டலாம் என்ற வினாக்கள் அதன் பின்னரே உரக்க எழுந்தன. 2017இல் நம் நாட்டின் வடிகால் நீர்ப்பாசனத் துறை அணைப் பாதுகாப்பு மேலாண்மைக்கு வழிகாட்டி நெறிகளை வெளியிட்டது. அது நல்ல தொடக்கம். ஆனால் அணைக்குக் கீழே குடியிருக்கும் எத்தனை குடும்பங்கள் அப்படியொன்று இருப்பதை அறியும்?

இனி மொழிக்கு வருவோம். இதுவரை நாம் சொன்ன எதற்கும் சொல் தேடி அலைய நேரவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். கரை, கசிவு, கலங்கல், வண்டல் யாவும் ஏரி வெட்டி வாழ்ந்த மக்களின் அன்றாடச் சொற்கள். நீரை அளவாகத் திறந்துவிடும் வாயிலுக்கு மதகு என்றும், மிகுநீர் வழிய அமைத்த கல்வரம்புக்குக் கலிங்கு என்றும் பெயரிட்டவர்கள் அவர்கள். பத்தாம் நூற்றாண்டின் உத்திரமேரூர்க் கல்வெட்டு ஏரி வாரியம் என்னும் குழுவைக் குறிப்பிடுகிறது. ஆண்டுதோறும் குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் ஊர் ஏரியைக் கவனித்துக்கொண்டனர். நீர் வாரியம் என்று நாம் இன்று சொல்லும்போது அதே சொல்லைத்தான் வாயில் வைத்திருக்கிறோம். ஏரியின் நிலையை அறிவது ஊராரின் அலுவல் என்னும் எண்ணம் அச்சொல்லோடு வந்தது. எண்ணத்தை விட்டுவிட்டுச் சொல்லை மட்டும் வைத்துக்கொண்டோம். முல்லைப் பெரியாறு அணையின் வலிமையைப் பற்றி மணிக்கணக்கில் வாதிடக்கூடிய நம்மவர் பலர், தம் வீட்டுக்கு மேலே உள்ள அணையின் வயதை அறியாதிருப்பது சற்று வேடிக்கையானதே.

நாம் கோருவது பெரிதன்று. நீர்மட்டத்தோடு, அணையின் ஆய்வு எப்போது நடந்தது, என்ன கண்டார்கள், எதனைச் சீர்செய்தார்கள் என்னும் சுருக்கமும் ஆண்டுக்கொரு முறை மக்களுக்குக் கிடைக்க வேண்டும். நீர் திறக்கப்பட்டால் எத்தெருக்கள் நனையும் என்ற வரைபடம் பள்ளிகளிலும் குடியிருப்புகளிலும் ஒட்டப்பட வேண்டும். அவை மலாயுடன் தமிழிலும் சீனத்திலும் இருக்க வேண்டும். அபாய அறிவிப்பை அகராதி வைத்துப் படிக்க எவராலும் இயலாது.

ஆசிரியர்களிடம் ஒன்று. ஆயர் ஈத்தாம் நீர்த்தேக்கத்தைச் சுற்றிக் காலையில் நடப்பவர்கள் நிறையப் பேர் உண்டு. அறிவியல் கழக மாணவர்களை உரிய அனுமதியுடன் அங்கே அழைத்துச் செல்லுங்கள். கரையின் சாய்வையும் மிகுநீர் வழியையும் அவர்கள் வரையட்டும். அலுவலர் எவரேனும் உடனிருந்தால் கசிவு அளக்கும் இடம் எங்குள்ளது என்று கேட்கட்டும். திரும்பி வந்து கண்டவற்றைத் தமிழில் இரண்டு பக்கம் எழுதட்டும். அடுத்த ஆண்டு வேறொரு வகுப்பு செல்லும்போது, முதல் வகுப்பின் அந்த இரண்டு பக்கங்களை அவர்கள் கையில் கொடுத்தனுப்புங்கள்.