கால்வாசி அல்ல, பாதி
(பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



புதிய போர்வெல்லுக்கு வீட்டுக்கு ரூ.5,000 வீதம் 60 வீடுகளிடமும் வசூலிக்கலாம் என்பது இன்றைய தீர்மானம். மொத்தம் 3 லட்சம். அதற்குச் சொல்லப்படும் காரணம், 'கேஜ் 400-லிருந்து 100-க்கு இறங்கிவிட்டது, தண்ணீர் கால்வாசியாகிவிட்டது' என்பது. இந்தக் கணக்கைத்தான் திருத்த வந்திருக்கிறேன். நான் பொறியாளர் இல்லை, வங்கியில் பேரேடு எழுதியவன். தப்பான கூட்டல் கண்ணில் பட்டால் சும்மா இருக்க முடியாது.

நம் மோட்டார் அறைக் குழாயின் நடுவே, ஓட்டை போட்ட ஒரு வட்டத் தகடு இருக்கிறது. ஓரிஃபைஸ் தகடு என்பார்கள். குறுகிய ஓட்டைக்குள் நுழையும் தண்ணீர் வேகமெடுக்கிறது. வேகம் கூடும் இடத்தில் அழுத்தம் குறைகிறது. இதை டேனியல் பெர்னூலி 1738-லேயே எழுதிவைத்தார். தகட்டுக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்தங்களின் வித்தியாசத்தைத்தான் நம் கேஜ் மில்லிபாரில் காட்டுகிறது. அது ஓட்டத்தின் அளவு அல்ல.

இந்த வித்தியாசம் வேகத்தின் வர்க்கப்படி மாறும். ஓட்டம் இரண்டு மடங்கானால் வித்தியாசம் நான்கு மடங்கு. ஓட்டம் பாதியானால் வித்தியாசம் கால். ஆகவே கேஜைப் பார்த்து ஓட்டத்தைச் சொல்ல வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 400-க்கு வர்க்கமூலம் 20, 100-க்கு 10. அதாவது தண்ணீர் பாதியாகத்தான் குறைந்திருக்கிறது. கேஜ் 400 காட்டியபோது நிமிடத்துக்கு 200 லிட்டர் என்று நம் பழைய பதிவேட்டில் இருக்கிறது. இப்போது 100 லிட்டர் வர வேண்டும், 50 அல்ல.

கணக்கை மட்டும் நம்ப வேண்டாம் என்று, சென்ற ஞாயிறு வாட்ச்மேன் துணையோடு சோதித்துப் பார்த்தேன். மேல்தொட்டியின் வெளிவால்வை மூடிவிட்டு 6,000 லிட்டர் ஏற்றினோம். 1 மணி நேரம் ஆயிற்று. கால்வாசியாகியிருந்தால் 2 மணி நேரம் பிடித்திருக்கும்.

தண்ணீருக்குச் சரியான கணக்கு வேண்டும் என்பதுதான் இந்த முறை வளர்ந்த கதையும். அமெரிக்காவின் ஹோல்யோக் நகரில் ஆலைகளுக்குத் தண்ணீர் விற்ற கம்பெனியின் பொறியாளர் கிளெமென்ஸ் ஹெர்ஷல், 1887-ல் இடையில் குறுகி மீண்டும் விரியும் குழாயை அளவியாக அறிமுகப்படுத்தினார். 1797-ல் இதுபற்றி ஆய்ந்து எழுதிய இத்தாலியர் வெந்தூரியின் பெயரையே அதற்கு வைத்தார். வெந்தூரிக் குழாயில் இழந்த அழுத்தத்தில் பெரும்பகுதி திரும்பக் கிடைத்துவிடும். நம் தகட்டில் அவ்வளவு கிடைக்காது, ஆனால் விலை குறைவு.

தகட்டுக்குக் குறைகளும் உண்டு. ஓட்டையின் கூர்விளிம்பு மழுங்கினாலோ, தகட்டைத் திருப்பி மாட்டினாலோ கேஜ் குறைத்துக் காட்டும். ஓட்டம் பத்தில் ஒன்றானால் 400-க்குப் பதில் 4 தான் காட்டும். முள் அசைந்ததா என்றே தெரியாது. அதனால் மாதம் ஒருமுறை தொட்டி நிரம்பும் நேரத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

பாதியாகக் குறைந்ததும் சிறிய விஷயம் இல்லைதான். ஆனால் அதற்குக் காரணம் நிலத்தடி நீர் இறங்கியதாகவும் இருக்கலாம், மோட்டாரின் இம்பெல்லர் தேய்ந்ததாகவும் இருக்கலாம், உள்ளே இறக்கிய குழாயில் கசிவாகவும் இருக்கலாம். பின்னவை இரண்டும் என்றால் புதுப் போர்வெல் போட்டும் பயனில்லை; பழையதைப் பழுது பார்த்தாலே போதும்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். முதலில் மோட்டாரை வெளியே எடுத்துப் பார்ப்போம், நீர்மட்டத்தை அளப்போம். அந்த அறிக்கை வரும்வரை வசூல் தீர்மானத்தைத் தள்ளிவைப்போம். அதன்பிறகும் போர்வெல்தான் வழி என்றால், முதல் 5,000 ரூபாயை நானே கட்டுகிறேன்.