வாயில்லா உயிரின் நோயறிதல்

(காஞ்சிபுரத்தில் மகாவீரர் ஜெயந்தி விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



சீவக சிந்தாமணியை அறிந்தோர் சுதஞ்சணனை மறவார். அந்தணர்தம் உணவைத் தீண்டியதால் அடியுண்டு வீழ்ந்த நாய்க்குச் சீவகன் ஐம்பத மந்திரத்தை ஓதினான். அந்நாயே தேவனாய்ப் பிறந்து அவனுக்கு உற்ற துணையாயிற்று. இறக்கும் நாய்க்கு மந்திரம் ஓதிய மரபினர், நோயுற்ற நாய்க்கு மருந்து தேடுவதும் அறமேயாம். நால்வகைத் தானங்களுள் ஔடத தானமும் ஒன்றன்றோ!

நாய்கட்கும் புற்றுநோய் வருகின்றது. பெண் நாய்களின் மடிக்கட்டி, தெருநாய்களிடையே கலவியால் பரவும் கட்டி, நிணநீர்ப் புற்று, மண்ணீரலில் தோன்றும் குருதிநாளப் புற்று என அது பலவகைப்படும். வெளிக்கட்டியைக் கையால் தடவி அறியலாம். மண்ணீரலில் வளர்வதோ, அது வெடித்து நாய் சுருண்டு விழும் நாள்வரை பெரும்பாலும் புலப்படுவதில்லை.

இதற்கு வழிகாணவே குருதிச் சோதனைகள் தோன்றின. தறியில் அறுந்த இழைத்துணுக்குகள் உதிர்வதைக் காஞ்சி மக்கள் நன்கறிவர். அவ்வாறே, இறக்கும் உயிரணுக்களின் மரபிழைத் துணுக்குகளும் குருதியில் கலக்கின்றன. புற்றணுவின் துணுக்குகளில் அந்நோய்க்குரிய மாற்றங்கள் பதிந்திருக்கும். சிறிதளவு குருதி எடுத்து அம்மாற்றங்களைத் தேடுவதே இச்சோதனை.

இதன் எல்லையையும் அறிதல் வேண்டும். ஆயிரத்திற்கும் மேற்பட்ட நாய்களைச் சேர்த்து நடத்தப்பெற்று, 2022-இல் வெளியான ஓர் ஆய்வில், புற்றுள்ள நாய்களுள் ஏறத்தாழ 55 விழுக்காட்டையே இச்சோதனை கண்டறிந்தது. நிணநீர்ப் புற்று, குருதிநாளப் புற்று, எலும்புப் புற்று ஆகிய கொடிய மூன்றில் அது 85 விழுக்காடாயிற்று. நோயற்ற நாயைத் தவறாகச் சுட்டியது 100-க்கு இரண்டினும் குறைவு. ஆதலின் 'நோயில்லை' என்னும் முடிவை மட்டும் நம்பி வாளாவிருத்தல் ஆகாது. 'உண்டு' எனினும், ஊசியால் அணுக்களை எடுத்து நுண்ணோக்கியில் ஆய்ந்தும், ஸ்கேன் எடுத்தும் மருத்துவர் உறுதிசெய்தல் வேண்டும். 1903-இல் தோன்றிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் வேப்பேரி மருத்துவமனை நமக்கு அண்மையிலேயே உள்ளது.

புற்று என்ற சொல்லைக் கேட்ட அளவில் நாயைத் தெருவில் விடுவோரும், ஊசியிட்டுக் கொன்றுவிடச் சொல்வோரும் உளர். முன்னறிதலின் பயன் அதுவாயின், அவ்வறிவு இம்சைக்கே துணைபோகும். கலவியால் பரவும் கட்டி, நித்தியகல்யாணிச் செடியிலிருந்து பெறும் வின்கிறிஸ்டின் மருந்தை வாரம் ஒருமுறையாகச் சில வாரங்கள் செலுத்தினால் பெரும்பாலும் நீங்கிவிடும். சிறிதாக இருக்கும்போதே மடிக்கட்டியை அறுத்தெடுத்தால் நாய் பல்லாண்டு வாழக்கூடும். தீராத நோய்க்கும் வலிதணிக்கும் மருந்துண்டு. இறுதிவரை உடனிருக்கும் கருணையுண்டு.

திங்கள்தோறும் உங்கள் நாயின் மடியையும் கழுத்தையும் தடவிப் பாருங்கள். உடல் மெலிந்தாலும் உணவை வெறுத்தாலும் காலந்தாழ்த்தாது மருத்துவரிடம் செல்லுங்கள். தீர்த்தங்கரரின் சமவசரணத்தில் விலங்கிற்கும் இடமுண்டு. நம் இல்லத்திலும் உள்ளத்திலும் அவ்விடம் நிலைபெறுவதாக!

உயிர்க்கருணை ஓங்குக! அறம் வளர்க!