எடை கூடியவர்கள் ஓடலாம், அவசரம்தான் கூடாது

(குடும்ப நல அமர்வில் நம் அறக்கட்டளையின் மருத்துவ உதவிக் குழு சார்பில் நிகழ்த்திய உரை)



இந்த அமர்வில் இரத்த அழுத்தம் பற்றிப் பேசுவதாகத்தான் முதலில் அறிவித்திருந்தோம். அதை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்துவிட்டு இன்று ஓட்டத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். காரணம், சென்ற ஆண்டு எங்கள் குழு செய்த ஒரு தவறு. அதை உங்கள் முன் சொல்லாமல் இந்த ஆண்டும் "வாருங்கள், ஓடலாம்" என்று அழைக்க எங்களுக்கு வாய் வரவில்லை.

சென்ற நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு, சுப்ஹு தொழுகைக்குப் பின் மைதானத்தில் ஓட்டப் பயிற்சி தொடங்கினோம். உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஒரே மாதத்தில் நிற்காமல் 5 கிலோமீட்டர் ஓட வேண்டும் என்பது குறி. கல்லூரியில் படிக்கும் ஒல்லிப் பிள்ளைகளும், கடையில் உட்கார்ந்தே பழகிய நடுத்தர வயதுக்காரர்களும் ஒரே வரிசையில் ஓடினார்கள். அவர்களில் ஒருவர் பரோட்டா மாஸ்டர். எடை 104 கிலோ. சர்க்கரை எல்லையில் நிற்கிறது என்று மருத்துவர் எச்சரித்ததால் வந்தவர். முதல் இரண்டு வாரம் மூச்சு வாங்கியது. மூன்றாவது வாரம் மூச்சு கைக்கு வந்தது. நான்காவது வாரம் பிள்ளைகளோடு சேர்ந்து தினமும் ஓடினார். நாங்கள் கைதட்டினோம். முன்னங்காலில் வலி என்றார். "ஓட ஓடச் சரியாகிவிடும் பாய்" என்று சொல்லித் தைலம் கொடுத்ததும் நாங்கள்தான்.

ஒரு காலை அவரால் அந்தக் காலை ஊன்ற முடியவில்லை. முதலில் எடுத்த எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு எம்ஆர்ஐ எடுத்தபோதுதான் முன்னங்கால் எலும்பில் மெல்லிய விரிசல் தெரிந்தது. சாயங்காலம் நான்கு மணி முதல் இரவு பதினொரு மணி வரை கல்லின் முன் நின்று சம்பாதிக்கிற மனிதர் இரண்டு மாதம் நிற்க முடியாமல் வீட்டில் இருந்தார். வாடகைக்கு அறக்கட்டளை உதவியது உண்மைதான். ஆனால் உதவி தேவைப்படும் நிலைக்கு அவரைக் கொண்டுபோய் விட்டதில் எங்கள் பங்கும் உண்டு. பார்க்கப் போனபோது அவர் கோபப்படவில்லை. "ஓடு ஓடுன்னு சொல்ல எத்தனையோ பேர் இருந்தீங்க பாய். போதும்னு சொல்ல ஒருத்தரும் இல்லியே" என்று மட்டும் சொன்னார்.

அதன் பிறகுதான் எலும்பு மருத்துவரிடமும் பிசியோதெரபி செய்பவரிடமும் உட்கார்ந்து கேட்டோம், படித்தோம். தெரிந்துகொண்டதில் முக்கியமானது ஒன்றுதான். நாம் ஓடத் தொடங்கினால் இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே பழகிவிடும். தசையும் ஓரளவு பழகிவிடும். எலும்பும், தசையை எலும்போடு கட்டும் தசைநாணும் அப்படி அல்ல. அவற்றுக்கு மாதக்கணக்கில் ஆகும். புதுச் சுமை வந்ததும் எலும்பு முதலில் தன் பழைய பகுதிகளைக் கரைத்துவிட்டுப் பிறகுதான் புதிதாகக் கட்டும். வீட்டில் சுவரை இடித்துக் கட்டும்போது நடுவில் சில நாள் கூரை பலமில்லாமல் நிற்குமே, அதுபோல. எலும்பு அப்படி நிற்கும் அதே வாரங்களில்தான் மூச்சு வாங்குவது நின்று, "இன்னும் ஓடலாம்" என்று மனம் சொல்லும். நம் மாஸ்டருக்கு நடந்தது அதுதான்.

ஒல்லியானவருக்கும் இதே கணக்குத்தானே என்று கேட்கலாம். கணக்கு ஒன்று, சுமை வேறு. நடக்கும்போது எப்போதும் ஒரு கால் தரையில் இருக்கும். ஓடும்போது இரண்டு காலும் தரையை விட்டு எழும்பி, முழு உடம்பும் ஒரே காலில் வந்து விழும். அந்த நொடியில் காலில் இறங்குவது உடல் எடையைப் போல் இரண்டு மடங்கிலிருந்து மூன்று மடங்கு வரை. 60 கிலோ பிள்ளைக்கு 120 முதல் 180 கிலோ. 104 கிலோ மாஸ்டருக்கு 200-க்குக் குறையாது, 300-ஐயும் தொடலாம். 5 கிலோமீட்டருக்கு ஐயாயிரம் அடிக்கு மேல் விழும். இருவருக்கும் ஒரே தூரம் வைத்தோம் என்றால், ஒரே வேலை கொடுத்தோம் என்று அர்த்தமில்லை.

டென்மார்க்கில் புதிதாக ஓடத் தொடங்கியவர்களைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு, உடல் பருமன் உள்ளவர்கள் முதல் வாரத்தில் மொத்தமாக 3 கிலோமீட்டருக்குள் ஓடினால் காயம் குறைகிறது என்று கண்டது. ஒரு நாளைக்கு அல்ல, வாரம் முழுவதற்கும் 3 கிலோமீட்டர். நாங்கள் முதல் நாளே இரண்டு ஓட வைத்தோம்.

அப்படியானால் ஓடவே வேண்டாமா? பள்ளியின் பின் வரிசையில் நாற்காலிகள் ஆண்டுக்கு ஆண்டு கூடுகின்றன. "ஓடினால் முட்டி தேய்ந்துபோகும், நீயும் நாற்காலியில்தான் தொழ வேண்டும்" என்று பயமுறுத்துகிறவர்கள் நம்மிடையே உண்டு. 2017-இல் பல ஆய்வுகளைத் திரட்டி வெளிவந்த கணக்கில், பொழுதுபோக்காக ஓடுபவர்களில் 3.5 சதவீதத்தினருக்கு முட்டி அல்லது இடுப்பு மூட்டுத் தேய்மானம் இருந்தது. ஓடாமல் உட்கார்ந்தே இருப்பவர்களில் 10.2 சதவீதத்தினருக்கு இருந்தது. அது எடைவாரியாகப் பிரித்துச் சொன்ன கணக்கு அல்ல. ஆகவே அதை நம்பி 100 கிலோக்காரர் துணிந்துவிட வேண்டாம். ஆனால் ஓட்டம் என்றாலே முட்டி போய்விடும் என்ற பேச்சு தவறு.

எடை குறைந்தால் முட்டிக்கு எவ்வளவு லாபம் என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. முட்டித் தேய்மானம் உள்ள, எடை கூடிய முதியவர்களை வைத்து அமெரிக்காவில் 2005-இல் வெளியான ஆய்வு, ஒரு கிலோ குறைந்தால் நடக்கும் ஒவ்வோர் அடியிலும் முட்டியின் சுமை நான்கு கிலோ குறைகிறது என்றது. அந்த எடையை ஓடியே குறைத்துவிடலாம் என்று மட்டும் எண்ணாதீர்கள். 100 கிலோக்காரர் 5 கிலோமீட்டர் ஓடினால் செலவாவது ஏறக்குறைய 500 கலோரி. வலீமா பிரியாணி ஒரு தட்டு அதை விழுங்கிவிடும். எடையைத் தட்டில் குறையுங்கள். ஓட்டத்தை இதயத்துக்காகவும் சர்க்கரைக்காகவும் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஆண்டு எப்படித் தொடங்கப் போகிறோம் என்று சொல்கிறோம். வேகமாக 30 நிமிடம் நடந்தால் மறுநாள் எந்த வலியும் இல்லை என்ற நிலை வரும்வரை நடை மட்டும்தான். சிலருக்கு இதற்கே ஒன்றரை மாதம் ஆகும், ஆகட்டும். அதன் பிறகு 5 நிமிட நடை, பின்பு ஒரு நிமிட ஓட்டம், ஒன்றரை நிமிட நடை என்று மாற்றி மாற்றி 20 நிமிடம். வாரத்துக்கு மூன்று நாள், நடுவில் ஒரு நாளாவது ஓய்வு. உலகம் முழுவதும் புதியவர்கள் பின்பற்றும் 9 வாரத் திட்டம் இப்படித்தான் தொடங்குகிறது. அதில் ஒவ்வொரு வாரமும் கூட்டச் சொல்வார்கள். எடை கூடியவர்கள் ஒவ்வொரு வாரத்தையும் இரண்டு முறை செய்யுங்கள் என்பது எங்கள் யோசனை. 9 வாரம் 18 வாரமாகும். ஐந்தாவது வாரம் உடம்பு இலகுவாகி "இன்று ஒரு சுற்றுக் கூட ஓடட்டுமா" என்று கேட்பீர்கள். வேண்டாம் என்று சொல்வதற்கென்றே இந்த முறை மைதானத்தில் ஒருவரை நிறுத்தப் போகிறோம்.

ஓடும்போது பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும். பேச்சு திணறினால் வேகம் அதிகம். அடியைச் சின்னதாக வையுங்கள். கால் உடம்புக்கு வெகு முன்னால் போய் விழுந்தால் முட்டியில் அடி பலமாக விழும். ஒரு நிமிடத்தில் வலது கால் எத்தனை முறை தரையைத் தொடுகிறது என்று எண்ணிப் பாருங்கள். 75 என்றால் வேகத்தைக் கூட்டாமல் 79 ஆக்குங்கள். இந்தச் சிறு மாற்றமே முட்டியின் சுமையைக் குறைப்பதாக ஆய்வுகள் கண்டிருக்கின்றன. செலவில்லாத வைத்தியம்.

செலவுள்ள வைத்தியம் ஷூ. "எடை கூடியவன், நல்ல பஞ்சுபோன்ற ஷூவாக வாங்கிவிட்டால் போதும்தானே" என்று கேட்கிறார்கள். லக்ஸம்பர்க்கில் 800-க்கும் மேற்பட்ட ஓட்டக்காரர்களிடம் மிருதுவான ஷூவையும் கெட்டியான ஷூவையும் கொடுத்துப் பார்த்தார்கள். மிருதுவான ஷூ காயத்தைக் குறைத்தது, ஆனால் எடை குறைந்தவர்களுக்குத்தான். எடை கூடியவர்களுக்கு அந்தப் பயன் தெரியவில்லை. ஆகவே ஏழாயிரம் எட்டாயிரம் கொடுத்து, அதை நம்பித் தூரத்தைக் கூட்ட வேண்டாம். காலுக்குப் பொருந்துகிற, முன்னால் விரல் அசைய இடம் உள்ள, குதிகால் ஒரு பக்கம் தேயாத ஷூ போதும். செருப்போடு மட்டும் ஓடாதீர்கள்.

வலியை எப்படிப் புரிந்துகொள்வது? தொடையும் கெண்டைக்காலும் இரண்டு நாள் பொதுவாக வலிப்பது புதிதாக வேலை செய்த தசையின் வலி, போய்விடும். மறுநாள் சுப்ஹுக்கு எழுந்து வுழூ செய்யப் போகும்போது வைக்கும் முதல் சில அடிகளைக் கவனியுங்கள். குதிகாலின் அடியில் ஊசி குத்துவதுபோல் இருந்தால் பாதத்தின் அடித் தசைநார் புண்பட்டிருக்கிறது. அத்தஹிய்யாத் இருப்பில் மடக்கிய முட்டி நேற்று வரை சுகமாக இருந்து இன்று பிடித்தால், நேற்றைய ஓட்டம் அதிகம். இரண்டுக்குமே தூரத்தைப் பாதியாக்கி, வலி அடங்கும்வரை நடைக்குத் திரும்புங்கள். முன்னங்கால் எலும்பில் விரல் நீளத்துக்கு மேல் பரவலாக வலித்தால் ஓய்வு போதும். ஒரே ஒரு புள்ளியில் விரல் வைத்தாலே துடித்தால், அல்லது இரவில் படுத்த பிறகும் வலித்தால், ஓட்டத்தை அன்றே நிறுத்தி மருத்துவரிடம் போங்கள். தைலம் வேண்டாம். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவது அதைவிடக் கேடு.

வாரத்துக்கு இரண்டு நாள் வீட்டில் கைகளை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருங்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள். முட்டியைத் தாங்குவது தொடைத் தசையும் இடுப்புத் தசையும்தான்.

தாய்மார்கள், சகோதரிகள் பலர் மொட்டை மாடியில் நடப்பதாகச் சொன்னீர்கள். இடம் சிறியது, சில அடிக்கு ஒரு திருப்பம். ஒரே பக்கமாகவே திரும்பினால் ஒரே முட்டிக்குச் சுமை விழும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை திசையை மாற்றுங்கள். மாடியில் ஓட வேண்டாம், நடையே போதும். பெண்களுக்கென்று பள்ளி வளாகத்தில் வாரம் மூன்று நாள் அஸருக்குப் பின் தனி நேரம் கேட்டிருக்கிறோம், கிடைத்ததும் அறிவிப்போம். தொடை உரசிப் புண்ணாவது பற்றிக் கேட்கப் பலருக்குக் கூச்சம். ஆண்களுக்கும் அது உண்டு. வாசலின் தடவிக்கொண்டு, தொடையை ஒட்டிய உள்ளாடை அணிந்தால் சரியாகிவிடும். அந்தப் புண்ணுக்குப் பயந்து காலை அகட்டி ஓடினால் முட்டி கெடும் என்பதால்தான் சபையில் சொல்கிறோம்.

நாற்பது வயதைத் தாண்டியவர்களும், சர்க்கரை, பிரஷர் உள்ளவர்களும், நெஞ்சு வலித்த வரலாறு உள்ளவர்களும் மருத்துவரைப் பார்த்துவிட்டுத்தான் வர வேண்டும். பாதம் மரத்துப்போகிற சர்க்கரைக்காரர்கள் ஓட வேண்டாம். கொப்புளம் வந்தாலும் தெரியாது. இன்சுலின் போடுபவர்கள் சட்டைப் பையில் மிட்டாய் வைத்திருங்கள்.

நோன்பு மாதம் பற்றியும் கேட்டீர்கள். பகலில் ஓட வேண்டாம். தண்ணீரில்லாத உடம்பில் வெயிலும் சேர்ந்தால் ஆபத்து. தராவீஹ் முடிந்து கொஞ்ச தூரம் நடந்தால் போதும். பெருநாளுக்குப் பிறகு, விட்ட இடத்திலிருந்து தொடங்காமல் பாதியிலிருந்து தொடங்குங்கள். சென்ற ஆண்டு நாங்கள் பெருநாள் முடிந்ததும் ஆரம்பித்ததே ஒரு மாதம் ஓய்ந்த உடம்புகளோடுதான்.

பெயர் கொடுக்க விரும்புபவர்கள் இஷாவுக்குப் பின் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வாருங்கள். எடையையும் சர்க்கரையையும் அங்கேயே பார்த்து, யார் எந்தக் குழு என்று எழுதிக்கொள்வோம். வரும் சனிக்கிழமை சுப்ஹுக்குப் பின் மைதானத்தில் நடை தொடங்குகிறது. ஓரமாக நின்று "போதும்" என்று சொல்லும் பொறுப்பைப் பரோட்டா மாஸ்டரே ஏற்றுக்கொண்டிருக்கிறார். இப்போது 97 கிலோ, இன்னும் நடைதான்.