விளக்கின் மேல் விழும் பழி



மின்கட்டணப் பட்டியல் வந்துசேரும் நாளில் பல வீடுகளில் ஒரே காட்சியைக் காணலாம். தந்தையார் பட்டியலை இருமுறை பார்க்கிறார், பெருமூச்சு விடுகிறார், எழுந்து சென்று, மகன் படித்துக்கொண்டிருக்கும் அறையின் விளக்கை அணைக்கிறார். "விடிய எழும்பிப் படி, தம்பி" என்கிறார். க. பொ. த. சாதாரண தரப் பரீட்சைக்கு இன்னும் இரண்டு மாதங்களே இருக்கின்றன. அதே வேளையில் அடுக்களையில் ஒருவர் அருந்தும் தேநீருக்காக ஒரு கேத்தல் நிறைய நீர் கொதித்துக்கொண்டிருக்கிறது. அதனை எவரும் கவனிப்பதில்லை.

குற்றம் விளக்கினுடையதா, கேத்தலினுடையதா? இதற்குக் கணக்கே விடை கூறும். ஆயிரம் வாற்று வலுவுள்ள கருவியொன்று ஒரு மணிநேரம் இயங்கினால் செலவாவது ஓர் அலகு. இன்று வீடுகளில் எரியும் எல்.ஈ.டி. மின்குமிழ் 9 வாற்று அளவினது. அது நாள்தோறும் நான்கு மணிநேரம் எரிந்தாலும் மாதமொன்றுக்கு ஓர் அலகுக்குச் சற்றே கூடுதலாகத்தான் செலவாகும். ஒரு லீற்றர் நீரைக் கேத்தலில் கொதிக்கவைப்பதற்கோ அண்ணளவாகப் பத்திலொரு பங்கு அலகு வேண்டும். நாளுக்கு ஐந்து முறை கொதித்தால் மாதத்துக்குப் 15 அலகுகள். படிக்கும் பிள்ளையின் விளக்கைவிடப் பதின்மடங்குக்கும் மேல்!

தந்தையாரையும் முற்றாகக் குறைகூற இயலாது. அவர் வளர்ந்த காலத்தில் 60 வாற்று இழைக் குமிழ்களே எரிந்தன. நாளுக்கு நான்கு மணிநேரம் எரிந்தால் அதுபோன்ற குமிழ் ஒன்றே மாதத்துக்கு 7 அலகுகளை விழுங்கியது. விளக்கை அணைத்தல் அக்காலத்தில் மெய்யான சிக்கனமாகவே இருந்தது. குமிழ் மாறிவிட்டது, பழக்கம் மாறவில்லை.

இன்று வீட்டு மின்சாரத்தில் பெரும் பங்கு செல்வது ஒளிக்கன்று. வெப்பத்துக்கும் குளிருக்கும் நீரிறைப்புக்குமே. ஆகவே சிக்கனம் அங்கேதான் தொடங்க வேண்டும். இரண்டு கோப்பைத் தேநீருக்கு இரண்டு கோப்பை நீர் போதும். காலையிலே கொதித்த நீரைச் சுடுநீர்ப் போத்தலில் ஊற்றிவைத்தால் மாலைவரை பயன்படும். நாள்தோறும் ஒரு சட்டைக்காக மின்னழுத்தியைச் சூடாக்குவதைவிட வாரத்துக்குரிய உடைகளை ஒரே முறையில் அழுத்திவிடுதல் நன்று. குளிர்சாதனப் பெட்டியின் கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பார்த்தல் வேண்டும். தாள் இலகுவாக வந்துவிட்டால் இறப்பர் விளிம்பு தளர்ந்துவிட்டது, குளிர் வெளியேறுகிறது என்பது பொருள். ஒழுகும் குழாயும் மின்சாரத்தையே ஒழுகவிடுகிறது. ஒரு பரிவலு மோட்டர் அரைமணிநேரம் இயங்கி மேலேற்றிய நீருக்கு ஏறத்தாழ அரை அலகு செலவாகியிருக்கும் அல்லவா?

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று சிலர் வினவலாம். இலங்கையிலே 2022 ஓகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் மின்கட்டணம் பெரிதும் உயர்ந்ததை எந்தக் குடும்பமும் மறந்திராது. அதன் பின்னர் கட்டணம் ஏறியும் இறங்கியும் வந்துள்ளது. ஆயினும் அண்மைய ஆண்டுகளின் கட்டண அட்டவணைகளில் ஒரு படி மட்டும் நிலைத்து நிற்கிறது. மாதப் பாவனை 60 அலகுகளுக்குள் நின்றால் அலகின் விலை குறைவு. அந்த எல்லையைத் தாண்டிவிட்டாலோ, மேலதிக அலகுக்கு மட்டுமன்றி முதல் 60 அலகுகளுக்குமே உயர்ந்த விலை விதிக்கப்படுகிறது. நிலையான கட்டணமும் கூடுகிறது. அறுபத்தோராவது அலகு தனியே வருவதில்லை. தன் முன்னோர் அறுபதின்மரின் கடனையும் சுமந்துகொண்டு வருகிறது. எல்லையருகே நிற்கும் குடும்பத்துக்கு ஐந்து அலகுகளைக் குறைப்பது, ஐந்து அலகுகளின் விலையை மட்டும் மிச்சப்படுத்துவதன்று.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது முதுமொழி. அளக்கும் கருவி ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் இருக்கிறது. அதனை வாசிப்பவர்தான் இல்லை. ஞாயிறுதோறும் மின்மானியின் எண்ணை நாட்காட்டியிலே குறித்து வந்தால் போதும். 60 அலகுகளுக்குள் நிற்க விரும்பும் குடும்பத்துக்கு வாரத்தின் அளவு 14 அலகுகள். இரண்டாம் வாரத்தில் மிகுந்தால் மூன்றாம் வாரத்தில் திருத்திக்கொள்ளலாம். பட்டியல் வந்தபின் வருந்துவதால் பயனில்லை. ஆளிகள் யாவற்றையும் அணைத்த பின்னரும் மானி ஓடுமாயின் எங்கோ கசிவு உண்டு. தேர்ந்த மின்தொழிலாளரை உடனே அழைத்தல் வேண்டும்.

இப்பொறுப்பை வீட்டிலே யாரிடம் ஒப்படைப்பது? விளக்கணைக்கப்பட்ட அந்த மகனிடமே ஒப்படைக்கலாம். கழித்தலும் பெருக்கலும் அவனுக்குத் தெரியும். நான்கு வாரங்கள் குறித்த பின் அவனே தந்தையாரிடம் கணக்கைக் காட்டுவான். அன்றிரவு அடுக்களையில் கேத்தல் பாதியளவே நிரம்பும். அவனது மேசையில் விளக்கு அணையாமல் எரியும்.