பாலே: ஆடியவர் யார், பார்த்தவர் யார்?

(தொழிலாளர் வாசக சாலை ஒன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பஞ்சப்படி, போனஸ், அறுவடைக் கூலி இவற்றைப் பேச வேண்டிய மேடையில் ஆட்டத்தைப் பற்றிப் பேச வந்துவிட்டானே என்று சிலர் நினைக்கலாம். நானும் கூலியைப் பற்றித்தான் பேசப் போகிறேன். ஆட்டத்திற்கும் கூலி உண்டு. ஆடியவர்களுக்கும் எஜமானன் உண்டு.

பாலே என்பது ஐரோப்பிய நாட்டிய நாடகம். அதில் வசனம் கிடையாது. வாத்திய இசைக்கேற்ப உடம்பே கதை முழுவதையும் சொல்ல வேண்டும். சிறு பிராயத்திலிருந்தே வருஷக்கணக்கில் பழகினால்தான் இது கைவரும். உழைப்பிலே இதுவும் கடுமையான உழைப்புத்தான்.

இத்தாலியப் பிரபுக்களின் விருந்துகளில் முளைத்து, பிரெஞ்சு அரண்மனையில் வளர்ந்தது இக்கலை. 1649-ல் பாரிஸில் எழுந்த கலகத்தால் அரச குடும்பமே நகரை விட்டு ஓட நேர்ந்தது. கலகம் அடங்கிய கையோடு, 1653-ல், 14 வயது மன்னன் பதினான்காம் லூயி சூரியன் வேடம் பூண்டு பாலே ஆடினான். அது வெறும் பொழுதுபோக்கல்ல. நான் சூரியன், நீங்களெல்லாம் என்னைச் சுற்ற வேண்டியவர்கள் என்று பிரபுக்களுக்கு விடுத்த எச்சரிக்கை அது.

ருஷ்யாவுக்கு வருவோம். அங்கே 1738-ல் முதல் நாட்டியப் பள்ளி தொடங்கியபோது சேர்க்கப்பட்டவர்கள் யார்? அரண்மனை வேலைக்காரர்களின் பிள்ளைகள், 12 பையன்களும் 12 பெண்களும். மாஸ்கோவில் 1773-ல் நாட்டிய வகுப்பு ஆரம்பித்ததோ அனாதை விடுதியில்! எதிர்த்துக் கேட்க நாதியற்ற உடம்புகளைத்தான் முதலில் வளைத்தார்கள்.

பெரிய நிலப்பிரபுக்கள் தங்கள் பண்ணையடிமைகளைக் கொண்டே நாடக சாலை நடத்தினார்கள். பண்ணையடிமை என்றால் என்னவென்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஷெரெமெத்தெவ் என்ற கோமான் தன் அடிமைக் கலைஞர்களின் குடும்பப் பெயரையே மாற்றி, ரத்தினங்களின் பெயரைச் சூட்டினான். பாடகி பிரஸ்கோவியாவுக்கு முத்து. நடனமாடிய தத்தியானாவுக்குச் செம்மணி. ஆள் அடிமை, பெயர் மட்டும் ரத்தினம்! 1806-ல் ஸ்தொலீப்பின் என்ற பிரபு தன் அடிமை நடிகர் கோஷ்டியை விற்றபோது, ஜார் மன்னன் விலை அதிகம் என்று பேரம் பேசி, 32,000 ரூபிளுக்கு வாங்கினான். மாட்டுச் சந்தையில்கூட இவ்வளவு வெளிப்படையாக நடக்காது.

1861-ல் பண்ணையடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. நாடக சாலை மட்டும் ஜார் மன்னனுடையதாகவே நீடித்தது. உலகப் புகழ் பெற்ற அன்னா பாவ்லோவா ஒரு சலவைத் தொழிலாளியின் மகள். அவளை வார்த்தெடுத்தது ஜார் அரசின் பள்ளிக்கூடம்தான்.

1905 அக்டோபரில் ருஷ்யா முழுவதும் பொது வேலைநிறுத்தம் பரவியது. ரயில் ஓடவில்லை, ஆலை ஓடவில்லை. பீட்டர்ஸ்பர்க் நாட்டியக் கலைஞர்களும் கூடிப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். பாவ்லோவா, கர்சாவினா, போக்கின் ஆகியோர் முன்னே நின்றார்கள். சம்பள உயர்வு வேண்டும், எங்களை நடத்துவோரை நாங்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்றார்கள். நிர்வாகமோ விசுவாசப் பத்திரத்தை நீட்டியது. மில் வாசலில் இப்படிப்பட்ட காகிதத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். செர்கேய் லெகாத் என்ற கலைஞர் வற்புறுத்தலுக்கு இணங்கிக் கையெழுத்திட்டார். தோழர்களைக் கைவிட்டோமே என்ற வேதனையில் உழன்று, அந்த மாதமே தம் உயிரை மாய்த்துக்கொண்டார். யோசிப் க்ஷெஸின்ஸ்கி என்பவர் வேலைநிறுத்தத்தை எதிர்த்த ஓர் ஆட்டக்காரரை அறைந்தார். உடனே வேலை போயிற்று.

இந்த யோசிப்பின் தங்கை மத்தில்தா வேறு ரகம். ஜார் இரண்டாம் நிக்கோலாஸ் இளவரசனாக இருந்தபோது அவனுடைய ஆசைநாயகி. பீட்டர்ஸ்பர்கில் மாளிகையே கட்டிக்கொண்டவர். 1917-ல் போல்ஷ்விக்குகள் அந்த மாளிகையைப் பிடித்துத் தங்கள் தலைமையகமாக்கினார்கள். ஏப்ரலில் நாடு திரும்பிய லெனின் அதன் மேல்மாடத்தில் நின்றுதான் ஜனங்களிடம் பேசினார்!

புரட்சிக்குப் பிறகு நாட்டில் விறகுமில்லை, ரொட்டியுமில்லை. குளிர்ந்த நாடக சாலைகளில், முன்பு கோமான்கள் சாய்ந்திருந்த ஆசனங்களில், மேல்கோட்டைக் கழற்றாமலே தொழிலாளிகளும் செஞ்சேனை வீரர்களும் உட்கார்ந்து பார்த்தார்கள். பெரிய நாடக சாலைக்கான செலவைச் சுருக்கி, மிச்சப்பட்டதில் எழுத்தறிவு இயக்கத்திற்கும் வாசக சாலைகளுக்கும் பணம் கொடுக்கலாம் என்று 1922-ல் லெனினே கருதினார். கல்வி மந்திரி லுனாசார்ஸ்கி விடாமல் வாதாடி அதைக் காப்பாற்றினார். பசித்த நாட்டில் எழுத்தா, நாட்டியமா என்பது அசட்டுக் கேள்வியல்ல. இருவரிடமும் நியாயம் இருந்தது என்பதே என் எண்ணம்.

1927-ல் "செங்கசகசா" என்ற பாலேயில் சீனத் துறைமுகக் கூலிகள் மேடையேறினார்கள். 1932-ல் "பாரிஸின் தீச்சுடர்கள்" என்ற பாலேயில் பாரிஸ் ஏழைகள் அரண்மனையைப் பிடித்தார்கள். லூயி மன்னன் எந்தக் கலையால் சூரியனானானோ, அதே கலையால் அவன் வம்சத்தைக் கவிழ்த்துக் காட்டினார்கள்!

ஒன்றை மறைக்கக் கூடாது. கூட்டுப் பண்ணையின் அறுவடை விழாவை வைத்து ஷோஸ்தகோவிச் இசையமைத்த "தெளிந்த நீரோடை" 1935-ல் அரங்கேறியது. ஜனங்கள் ரசித்தார்கள். 1936 பிப்ரவரியில் "பிராவ்தா" அதைத் தாக்கி எழுதியது, ஆட்டம் நின்றது. கதை எழுதியவர்களில் ஒருவரான பியோத்ரோவ்ஸ்கி 1937-ல் சுட்டுக் கொல்லப்பட்டார். உழவர்களின் களிப்பை ஆடிக் காட்டியதில் என்ன குற்றம் கண்டார்கள் என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. 2003-ல் மாஸ்கோவின் போல்ஷோய் மேடையில் அந்தப் பாலேயைப் புதிதாக அமைத்து மறுபடியும் ஆடினார்கள்.