டீக்கடையில் ஒரு மழைக் கணக்கு

ஐயப்பன்தாங்கல் பஸ் டிப்போ பக்கம் ஒரு டீக்கடை. ரேடியோ சொல்லிக்கொண்டிருந்தது: "ஓரிரு இடங்களில் கனமழை பெய்யக்கூடும்."

டீ குடித்துக்கொண்டிருந்த பெரியவருக்குக் கோபம். "நேத்து எங்க தெருவுல முழங்கால் தண்ணி. ஆனா அது கனமழை இல்லையாமே, தம்பி!"

பக்கத்தில் நின்ற இளைஞர் சிரித்தார்.

"ஐயா, தெருவுல நிக்கிற தண்ணி வேற, வானத்துலேருந்து விழற தண்ணி வேற. முதல் நாள் காலை எட்டரையிலிருந்து மறுநாள் காலை எட்டரை வரைக்கும் மழைமானியில சேர்றதுதான் கணக்கு. ஏறக்குறைய ஆறரை சென்டிமீட்டர் தொட்டா கனமழை. பதினொன்றரையைத் தாண்டினா மிக கனமழை. இருபதரையையும் தாண்டினா அதி கனமழை. 2015 டிசம்பர் 2 காலையில நம்ம செம்பரம்பாக்கத்துல அளந்தது 47 சென்டிமீட்டர்!"

"அம்மாடி! சரி, அது என்ன ஓரிரு இடம்?"

"மழை அளக்கிற நிலையங்கள்ல கால் பங்குக்கு மேல போகாதுன்னு அர்த்தம். அதனாலதான் பூந்தமல்லியில கொட்டும், போரூர்ல வெயில் அடிக்கும்."

"ஒரு சென்டிமீட்டர்னா எவ்வளவு தண்ணி?"

"ஒரு சதுர மீட்டர்ல பத்து லிட்டர். உங்க மொட்டை மாடி ஆயிரம் சதுர அடின்னா, பத்து சென்டிமீட்டர் மழையில ஒன்பதாயிரம் லிட்டருக்கு மேல."

பெரியவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"அடடா! ஐப்பசியில அதைச் சும்மா சாக்கடையில விட்டுட்டு, சித்திரையில லாரித் தண்ணியைக் காசு கொடுத்து வாங்குறேனே!"