தட்டுகளின் அடுக்கு
(நோட்டன் பிரிட்ஜ் வாலிபர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பௌதிகம் படிக்க ஆசைப்படும் பிள்ளையிடம், "அது சீமைக்காரன் வித்தை" என்று நம்மில் சிலர் சொல்லிவிடுகிறோம். ஆகவே ஒரு செய்தி கூற விரும்புகிறோம்.

கல்கண்டில் மூலக்கூறுகள் இடம் மாறாமல் ஒழுங்காக நிற்கின்றன. தண்ணீரில் அவ்வொழுங்கு இல்லை. நடுவே திரவப் படிகம் என்றொரு நிலை உண்டு. நிரை பிடித்துக் கொழுந்தெடுப்போர் நகர்ந்துகொண்டே ஒரு பக்கம் நோக்குவதுபோல, மூலக்கூறுகள் ஓடினாலும் திசை தவறா. 1888இல் தெரியவந்த இந்நிலைக்குக் குச்சிபோல் நீண்ட மூலக்கூறுகளே வேண்டுமென்று நெடுங்காலம் நம்பினார்கள்.

1977இல் பெங்களூர் ராமன் ஆராய்ச்சி நிலையத்தில் எஸ். சந்திரசேகர், பி. கே. சதாசிவா, கே. ஏ. சுரேஷ் ஆகிய மூவரும் தட்டையான மூலக்கூறுகளை எடுத்துக்கொண்டார்கள். (இந்தச் சந்திரசேகர் சர் சி. வி. ராமனின் சகோதரி மகன். நட்சத்திர ஆராய்ச்சிக்கு நோபல் பரிசு பெற்றவர் தமையன் மகன்.) நடுவே பென்சீன் வளையம், சுற்றிலும் ஆறு கிளைகள். சூடேற்றியதும் அவை, அன்னதானம் முடிந்து நாம் அடுக்கும் தட்டுகளைப்போல், தூண் தூணாக அடுக்கின. தூண்கள் தேன்கூட்டு அறைகளைப்போல் அறுகோண ஒழுங்கில் நின்றன; தூணுக்குள் தட்டுகளின் இடைவெளி மட்டும் சீராக இல்லை.

இதை வெளியிட்டது 'பிரமாணா' என்னும் இந்திய ஏடு. உலகம் அதைத் தேடிப் படித்தது. பின்னாளில், பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் கணினித் திரை தெளிவாகத் தெரிய ஒட்டப்பட்ட மென்படலத்துக்கு இத்தகைய தட்டு மூலக்கூறுகளே உதவின.